பட்டனை அழுத்தியது என் விரல்: கதை விளையாட்டுகள் மனத்தை என்ன செய்கின்றன என்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பல விளையாட்டுகளின் திருப்பங்களையும் முடிவுகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். விளையாட நினைத்திருக்கும் விளையாட்டின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எல்லா வீடியோ கேமிலும் ஏதோ ஒரு கதை இருக்கிறதே. இதில் கதை விளையாட்டு என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

கதையை உருவிவிட்டாலும் பல விளையாட்டுகள் நிற்கும். இளவரசியைக் காப்பாற்றப் போகிறவன் எதற்காகப் போகிறான் என்று தெரியாவிட்டாலும் குழியைத் தாண்டுவதில் உள்ள சுகம் குறையாது. கதையை எடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலையில் இருப்பவற்றைத்தான் கதை விளையாட்டு என்கிறேன். அவற்றிலும் சுடுவது, ஏறுவது, புதிர் அவிழ்ப்பது எல்லாம் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கும் நம்மை எழவிடாமல் பிடித்து வைப்பது, இவர்களுக்கு அடுத்து என்ன ஆகுமோ என்ற கவலைதான்.

விளையாட்டுக்கு அழுவது இந்தத் தலைமுறையின் பழக்கமா?

1983இல் வெளிவந்த 'பிளானட்ஃபால்' விளையாட்டில் படமே கிடையாது. திரையில் எழுத்து ஓடும், நாமும் எழுத்தில்தான் கட்டளை இடவேண்டும். ஸ்டீவ் மெரெட்ஸ்கி எழுதிய அந்த விளையாட்டில் ஃபிளாய்ட் என்ற ரோபோ நம் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குழந்தை மாதிரி விளையாடக் கூப்பிடும், தொணதொணக்கும். பிறகு ஒருநாள், நமக்குத் தேவையான ஓர் அட்டையை எடுத்துவர ஆபத்தான ஆய்வகத்துக்குள் தானே ஓடும். அட்டை வந்துசேரும், ஃபிளாய்ட் நொறுங்கிக் கிடக்கும். அதற்குப் பிடித்த பாட்டைப் பாடி வழியனுப்பிவைப்போம். மொத்தமும் சில வரிகள். அதற்கே அன்று விளையாடியவர்கள் கலங்கினார்கள்.

1997இல் 'ஃபைனல் ஃபேண்டஸி 7' வந்தது. அதில் ஏரித் என்ற பெண் நம் குழுவில் ஒருத்தி. அவளுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்திருப்போம், சண்டைக்குச் சண்டை வலிமை ஏற்றியிருப்போம். வில்லன் செஃபிரோத்தின் வாள் அவளைக் கொன்றதும் பெரிய சண்டை ஒன்று தொடங்குகிறது. வழக்கமாக அந்த இடத்தில் முழங்கும் போர் இசை அன்று வராது. நோபுவோ உயெமட்சு அவளுக்காக அமைத்த மெல்லிய இசை சண்டை முடியும்வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சண்டையில் விழுந்தவரை எழுப்பும் மருந்து பையில் இருக்கிறது. அவளுக்கு மட்டும் அது உதவாது. அவளை உயிர்ப்பிக்க ஏதோ ரகசிய வழி இருக்கும் என்று நம்பித் தேடியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அப்படி ஒரு வழி இல்லை.

திரையில் இருப்பது வெறும் உருவம் என்று தெரிந்தும் ஏன் அழுகை வருகிறது?

தெரிந்துகொண்டே அழுவது மனிதர்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, வேண்டியவரை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமையில் வாடுவது. நல்ல கதை விளையாட்டுகள் இந்த நான்கையும் தவறாமல் தொடுகின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இழவுக்கு ஏரித்தைச் சொல்லிவிட்டேன். வறுமைக்கு 2014இல் வெளிவந்த 'திஸ் வார் ஆஃப் மைன்'. போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் நிறுவனம் பாஸ்னியப் போரில் நடந்த சரயேவோ நகர முற்றுகையை மனத்தில் வைத்து உருவாக்கியது. அதில் நீங்கள் போர்வீரர் இல்லை. போருக்கு நடுவே மாட்டிக்கொண்ட பொதுமக்கள், இரவில் உணவும் மருந்தும் தேடி வெளியே போகிறவர்கள். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள். அவர்களால் உங்களைத் தடுக்க முடியாது. அவர்களுடைய உணவை எடுத்துக்கொண்டு வந்தால் உங்கள் ஆட்களுக்கு இன்னும் சில நாள் ஓடும். வீடு திரும்பியவரோ மனம் உடைந்து சுருண்டு உட்கார்ந்துவிடுவார், வேலை சொன்னால் எழமாட்டார்.

இளிவுக்கு 2017இன் 'ஹெல்பிளேட்: செனுவாஸ் சேக்ரிஃபைஸ்'. செனுவாவின் தலைக்குள் கேட்கும் குரல்கள் அவளை இடைவிடாமல் ஏளனம் செய்கின்றன. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் அவை உங்கள் இடது காதிலும் வலது காதிலும் பின்னந்தலையிலும் முணுமுணுக்கின்றன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் பால் ஃபிளெட்சரும், இத்தகைய அனுபவத்தோடு வாழ்கிறவர்களும் அதன் உருவாக்கத்தில் ஆலோசனை தந்தார்கள்.

அசைவு என்றால் 2018இன் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' தவிர வேறெதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. ஆர்தர் மார்கன் கொள்ளைக் கும்பல் ஒன்றின் அடியாள், மலைபோன்ற உடம்பு. கடன் வசூலிக்கப் போன இடத்தில் நோயாளி ஒருவரை அடிக்கிறான். அந்த மனிதர் அவன் முகத்துக்கு நேராக இருமுகிறார். அதோடு அந்தக் காட்சியை மறந்துவிடுவோம். பல மணிநேர விளையாட்டுக்குப் பிறகு ஆர்தர் இருமத் தொடங்குகிறான், காசநோய். நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பில் கன்னம் ஒட்டுகிறது, கண் சிவக்கிறது. எவ்வளவு சாப்பிட வைத்தாலும் அந்தப் பழைய உடம்பு திரும்புவதில்லை.

இதையெல்லாம் நாவலும் திரைப்படமும் செய்கின்றனவே. விளையாட்டு கூடுதலாக என்ன செய்கிறது?

விரலைச் சாட்சியாக்குகிறது. ஒரே ஓர் எடுத்துக்காட்டை மெதுவாகச் சொல்கிறேன்.

2013இல் வெளிவந்த 'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' இரண்டு சகோதரர்களின் பயணம். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகிறார்கள். அவர்கள் பேசும் மொழி எந்த நாட்டிலும் இல்லாத கற்பனை மொழி, ஆகவே வசனத்தால் நம்மைக் கலங்கவைக்க வழியே இல்லை. இருவரையும் ஒரே நேரத்தில் ஒருவரே இயக்கவேண்டும். கன்ட்ரோலரின் இடதுபக்கம் அண்ணன், வலதுபக்கம் தம்பி. முதல் அரைமணி நேரம் எரிச்சலாக இருக்கும். ஒருவன் மரத்தில் முட்டுவான், இன்னொருவன் வட்டமடிப்பான். போகப்போக இடதுகை அண்ணனாகவும் வலதுகை தம்பியாகவும் மாறிவிடுகின்றன. தாய் நீரில் மூழ்கியதைக் கண்ணால் பார்த்த தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆறு வந்தால் அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பான்.

அண்ணன் இறந்துவிடுகிறான். தம்பி அவனை இழுத்துச்சென்று குழியில் கிடத்தி மண்ணைத் தள்ளவேண்டும். அது தானாக ஓடும் காட்சி இல்லை, ஒவ்வொரு தள்ளலுக்கும் பட்டனை அழுத்தவேண்டும். நான் விளையாடியபோது இடது கட்டைவிரல் பழக்கதோஷத்தில் அதன் இடத்திலேயே இருந்தது. அசைத்தால் எதுவும் அசையவில்லை. மூன்று மணி நேரமாக வேலை செய்த விரலுக்குத் திடீரென்று வேலை இல்லை.

பிறகு தம்பி ஊர் திரும்புகிறான். வழியில் வெள்ளம். அவனுடைய பட்டனை அழுத்துகிறேன், தண்ணீர் அருகே போய்ப் பின்வாங்குகிறான். மறுபடி அழுத்துகிறேன், மறுபடி பின்வாங்குகிறான். விளையாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணனுக்குரிய இடதுபக்கப் பட்டனையும் சேர்த்து அழுத்தினேன். தம்பி தண்ணீரில் இறங்கி நீந்தத் தொடங்கினான்.

அழிந்துபோன அண்ணனின் துணிச்சலை என் விரல்தான் தேடிக் கண்டுபிடித்தது. யாரும் சொல்லித்தரவில்லை, திரையில் ஒரு குறிப்பும் வரவில்லை. இதைத் திரைப்படமாக எடுத்தால் சிறுவன் நீந்துவதைப் பார்க்கலாம், அழவும் செய்யலாம். அந்தப் பட்டனை மட்டும் தரமுடியாது.

நான் சோகப்படவில்லை, குற்றவுணர்வாக இருக்கிறது. யாரோ எழுதிய கதைக்கு நான் ஏன் குற்றவாளி ஆகவேண்டும்?

விளையாட்டின் தனிச்சொத்து என்று எதையாவது சொல்லவேண்டுமானால் இந்த உணர்வைத்தான் சொல்வேன். நாவலில் கொலைகாரனுக்காக நாம் வருந்தலாம், அவனைச் சபிக்கலாம், ஆனால் கை கழுவப் போவதில்லை.

2012இல் வந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' மணலில் புதைந்த துபாயில் நடக்கிறது. ஓரிடத்தில் ஆளை எரித்துக் கொல்லும் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை வீசாமல் மேலே போகமுடியாது. குறிபார்க்கும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் நகர்கின்றன, அதே திரையில் நாம் இயக்கும் கேப்டன் வாக்கரின் முகமும் மங்கலாகப் பிரதிபலிக்கிறது. வீசி முடித்ததும் அந்தப் புகைக்குள் நடந்துபோக வைக்கிறார்கள். அந்தப் புள்ளிகளில் பெரும் கூட்டம் பொதுமக்கள். வேறு வழியே தராமல் செய்யவைத்துவிட்டுப் பழியை என்மேல் போடுவது நியாயமா என்று அன்றும் பலர் சண்டை போட்டார்கள். எனக்கும் அந்த மனக்குறை உண்டு. கதவு ஒன்றே ஒன்று என்றால் நுழைந்தவன்மேல் முழுப்பழி எப்படி?

அதைவிட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' நேர்மையானது என்பேன். 2013இல் லூகஸ் போப் உருவாக்கியது. கற்பனை நாடு ஒன்றின் எல்லைச் சாவடியில் ஆவணம் சரிபார்க்கும் ஊழியர் நீங்கள். கணவரின் தாள்கள் சரியாக இருக்கின்றன, உள்ளே விடுகிறீர்கள். போகும்போது, பின்னால் மனைவி வருகிறாள், இரக்கம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியிடம் தேவையான அனுமதித் தாள் இல்லை. விட்டால் உங்கள் கணக்கில் ஒரு தவறு ஏறும், தவறுகள் சேர்ந்தால் கூலி பிடிக்கப்படும். கூலி குறைந்தால் வீட்டில் உணவுக்கோ மருந்துக்கோ வெட்டு விழும். முத்திரை உங்கள் கையில். இரண்டு கதவும் உண்மையாகவே திறந்திருக்கின்றன, இரண்டுக்கும் விலை இருக்கிறது.

டோபி ஃபாக்ஸின் 'அண்டர்டேல்' இன்னும் ஒரு படி போகிறது. 2015இல் வந்தது. தொடக்கத்தில் நம்மைத் தாய்போலப் பார்த்துக்கொள்ளும் டோரியலைத் தெரியாமல் கொன்றுவிட்டுப் பலர் பதறிப்போய் ஆட்டத்தை முன்பு சேமித்துவைத்த பழைய சேவ் ஃபைலைத் திறந்து, இந்த முறை அவளைக் காப்பாற்றுகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று பெருமூச்சு விடும்போது ஒரு பூ வந்து, நீ முன்பு செய்தது எனக்குத் தெரியும் என்கிறது. அழித்தால் போய்விடும் என்று நம்பியிருந்த ஒன்றை யாரோ நினைவு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

நம் தேர்வுகள் எல்லாம் கண்கட்டு வித்தை, எதைத் தேர்ந்தாலும் முடிவு ஒன்றுதான் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மைதான். டெல்டேல் நிறுவனம் 2012இல் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட 'தி வாக்கிங் டெட்' விளையாட்டில் நீங்கள் என்ன செய்தாலும் நீங்கள் இயக்கும் லீ இறந்துவிடுவான். சிறுமி கிளெமன்டைன் அவனைச் சுடுவதா, விட்டுவிட்டுப் போவதா என்பதை மட்டும் நீங்கள் சொல்லலாம். முடிவு மாறாது, ஆனால் அந்தச் சிறுமி எந்த நினைவோடு நடந்துபோகிறாள் என்பது மாறும். அதற்குள் அவளுக்கு முடி வெட்டிவிட்டிருக்கிறோம், துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நாம் சொன்னதை அவள் நினைவில் வைத்துக்கொள்வாள் என்று திரையின் மூலையில் ஒரு வரி அவ்வப்போது வந்துபோகும். என்ன சொல்லி அனுப்பப் போகிறேன் என்று நான் பதறியது நிஜம்.

ஏமாற்றியதாகப் படும்போது கோபமும் நிஜமாகவே வரும். 2012 மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட் 3' வெளிவந்தபோது, மூன்று விளையாட்டுகளாகத் தொடர்ந்து எடுத்த முடிவுகளுக்குக் கடைசியில் மதிப்பே இல்லை என்று விளையாடியவர்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று.

முடித்த பிறகு ஒருவித வெறுமை. நாலைந்து நாளாக வேறு எதையும் தொட மனமில்லை. ஏதாவது கோளாறா?

ஐம்பது அறுபது மணி நேரம் சிலரோடு வாழ்ந்துவிட்டு அவர்கள் ஒரே இரவில் காணாமல் போனால் வெறுமை வராமல் இருந்தால்தான் யோசிக்கவேண்டும். சில நாளில் தானே வடியும். உடனே அதே மாதிரி இன்னொரு கனமான கதையைத் தொடங்காதீர்கள், இரண்டையும் கெடுத்துக்கொள்வீர்கள். அதே விளையாட்டை முடித்த ஒருவரோடு பேசுவது நன்றாக வேலை செய்கிறது. இசைத்தொகுப்பைக் கேட்பது சிலருக்கு ஆறுதல், சிலருக்குப் புண்ணைக் கிளறுவது. எனக்கு இரண்டாவது.

கடைசி ஒரு மணி நேரம் மிச்சம். ஆறு மாதமாக முடிக்காமல் வைத்திருக்கிறேன். இப்படிச் செய்பவர்கள் வேறு யாராவது உண்டா?

நான் ஒருவன். இரண்டு சேவ் ஃபைல்கள் அப்படிக் கிடக்கின்றன.

விளையாட்டுப் பாத்திரத்தின் மீது நிஜமான அன்பு வந்துவிட்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் தோன்றுகிறவர்களைப் பார்வையாளர்கள் தமக்குத் தெரிந்தவர்களாகவே உணர்வதைக் கவனித்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ஒருபக்க உறவு என்று அதைத் தமிழில் சொல்லலாம். விளையாட்டில் அந்த ஒருபக்கம் கொஞ்சம் குழம்புகிறது. நீங்கள் பேசினால் அவர்கள் பதில் சொல்கிறார்கள், பரிசு கொடுத்தால் முகம் மலர்கிறார்கள், தவறு செய்தால் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். அன்பு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிஜ மனிதர்களின் கோபதாபம் சலித்துப்போய் இந்த அன்பே போதும் என்று தோன்றத் தொடங்கினால் மட்டும் சற்று நின்று யோசியுங்கள். பாத்திரம் உங்களிடம் எதையும் கேட்காது, மனிதர்கள் கேட்பார்கள்.

பிடித்த பாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள். உருவாக்கியவர்கள்மீது வெறுப்பாக இருக்கிறது.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ரசிகராகத்தான் இருப்பீர்கள். 2013இல் வந்த முதல் பாகம், ஜோயலின் மகள் சாராவாக நம்மை நடக்கவைத்துத் தொடங்குகிறது. இருண்ட வீட்டில் அப்பாவைத் தேடிப்போகிறோம். சிறிது நேரத்தில் ஆட்டம் ஜோயலின் கைக்கு மாறுகிறது, சாரா அவன் கையில் இறக்கிறாள். அவளாகவே இருந்த நமக்கு அது அடுத்தவர் மரணம் மாதிரி இல்லை. அதனால்தான் கடைசியில் ஜோயல், தன்னோடு பயணம் செய்த சிறுமி எல்லியைக் காப்பாற்ற அறுவை அரங்குக்குள் நுழைந்து மருத்துவரைக் கொல்லும்போது நம் கையும் தயங்காமல் உடன்படுகிறது.

2020இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கணக்கைத் தீர்க்க வருகிறது. மருத்துவரின் மகள் அபி ஜோயலைக் கொல்கிறாள். பாதி ஆட்டம் கடந்ததும் அதே அபியாக நம்மை விளையாடவைக்கிறார்கள். பலர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அபிக்குக் குரல் கொடுத்த நடிகை லாரா பெய்லிக்குக் கொலைமிரட்டல்கள் போயின. வசனம் பேசியவரைக் கொல்வேன் என்று எழுதும் அளவுக்கு ஒரு கதை மனத்தில் இறங்கியது என்று பெருமைப்பட இதில் எதுவுமில்லை. திட்டித் தீர்க்கவேண்டுமானால் விளையாட்டைத் திட்டி எழுதுங்கள். நன்றாக எழுதினால் நானும் படிப்பேன்.

துக்கத்தில் இருக்கிறேன். இந்த நேரத்தில் சோகமான கதையை விளையாடலாமா?

ஆளைப் பொறுத்தது, நேரத்தையும் பொறுத்தது. பொதுவிதி ஏதும் என்னிடம் இல்லை.

ரயன் கிரீனும் ஏமி கிரீனும் தங்கள் மகன் ஜோயலின் புற்றுநோயைப் பற்றி உருவாக்கிய 'தட் டிராகன், கேன்சர்' 2016 ஜனவரியில் வந்தது. சிறுவன் 2014லேயே ஐந்து வயதில் இறந்துவிட்டான். அதில் ஒரு மருத்துவமனை இரவு. குழந்தை தாகத்தில் அழுகிறது, தந்தையாகிய நாம் என்னென்னவோ முயல்கிறோம், எதுவும் பலிப்பதில்லை. விளையாட்டு என்றால் ஏதாவது பட்டன் வேலை செய்தாகவேண்டும் என்ற நம் பழக்கத்தை அந்த அறை உடைக்கிறது. இதே அனுபவம் உள்ள சிலருக்குத் தாங்கள் தனியாக இல்லை என்று தோன்றும். புண் ஆறாதவர்களுக்கு அது தாங்காது.

இதமான வழி வேண்டுமானால் 2020இல் வந்த 'ஸ்பிரிட்ஃபேரர்'. இறந்தவர்களை மறுகரைக்குக் கொண்டுசேர்க்கும் படகு உங்களுடையது. அவர்களுக்குச் சமைத்துப் போடலாம், கட்டியணைக்கலாம். அணைப்பதற்கு என்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். தயாரானதும் அவர்களே சொல்வார்கள், கொண்டுபோய் விடவேண்டியது நீங்கள். பல நாள் விடாமல் இழுத்தடிக்கலாம், விளையாட்டு கோபித்துக்கொள்ளாது.

பதற்றத்தால் அவதிப்படுகிறவர்கள் 2018இன் 'செலெஸ்ட்' பக்கம் போகலாம். தொங்கு வண்டியில் கதாநாயகி மேடலினுக்கு மூச்சு முட்டும்போது, ஒரு இறகை மெல்ல மேலும் கீழும் மிதக்கவைத்து அவளுடைய மூச்சைச் சீராக்குவோம். தற்கொலை எண்ணம் உங்களைத் துரத்திக்கொண்டிருந்தால் 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' இப்போது வேண்டாம். 2015இல் வந்த அதன் இரண்டாம் பகுதியில் கேட் என்ற மாணவி மொட்டைமாடி விளிம்பில் நிற்கும் காட்சி உண்டு. அதுவரை நினைத்தபோதெல்லாம் காலத்தைப் பின்னோக்கித் திருப்பிய சக்தி அந்த நேரத்தில் வேலை செய்யாது. அவளைப் பற்றி நாம் முன்பு கவனித்தவைதான் கைகொடுக்கவேண்டும். அபாரமான காட்சி, தப்பான வேளையில் அபாயமானதும்கூட. அந்த எண்ணத்தோடு இருப்பவர் முதலில் நெருங்கியவர் ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசவேண்டும், விளையாட்டு காத்திருக்கும்.

இத்தகைய விளையாட்டுகள் நம்மை இரக்கமுள்ளவர்கள் ஆக்குமா?

அடக்கமாகத்தான் பதில் சொல்லவேண்டும். 2015இல் டேனியல் போர்மன், டோபியாஸ் கிரைட்மையர் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், யாருமற்ற வீட்டில் கடிதங்களையும் பொருள்களையும் பார்த்துக் குடும்பத்தின் கதையை அறியும் 'கான் ஹோம்' விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். கதையில் கவனம் வைத்து விளையாடியவர்கள், பிறர் உணர்வை அறியும் சோதனையில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அது விளையாடிய கையோடு செய்த சோதனை. அடுத்த வருடம் அவர்கள் வீட்டில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம். விளையாட்டில் கிழவியின் ரொட்டியைத் திருட மனமில்லாமல் அழுதுவிட்டு, நிஜத்தில் வீட்டாரிடம் எரிந்துவிழுகிறவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியிலும் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது கவலைப்படவேண்டும்?

அழுவதற்கோ ஏங்குவதற்கோ அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, விளையாட்டுக் கோளாறை ஒரு நோயாகப் பட்டியலிட்டிருக்கிறது. அதற்கு அது சொல்லும் அடையாளங்கள்: விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமை, வாழ்க்கையின் மற்ற வேலைகளுக்கு மேலாக விளையாட்டை வைப்பது, கெடுதல் வந்தும் நிறுத்தாமல் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்து, குடும்பம், படிப்பு, வேலை ஆகியவற்றைக் கடுமையாகப் பாதித்திருக்கவேண்டும். ஒரு கதையின் முடிவுக்காக இரண்டு நாள் தூக்கம் கெடுவது இந்தக் கணக்கில் வராது. முடிவு என்று ஒன்று இருப்பதே கதை விளையாட்டின் நல்ல குணம்.

பிள்ளைகள் விளையாடலாமா?

பெட்டியில் போட்டிருக்கும் வயது எண்ணை மதியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அந்த எண் ரத்தம், கெட்ட வார்த்தை, பாலியல் காட்சி, திகில் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. ஒரு மரணம் பிள்ளையின் மனத்தில் எவ்வளவு நாள் தங்கும் என்பதை அதில் காணமுடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, பக்கத்தில் உட்காருவது.

கணவர் நள்ளிரவில் திரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். கேட்டால் குதிரை இறந்துவிட்டது என்கிறார். என்ன சொல்ல?

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' முடிவுக்கு வந்திருப்பார். அந்தக் குதிரைக்கு அவர் தீவனம் ஊட்டியிருப்பார், சேறு தட்டிவிட்டிருப்பார், ஒருவேளை பெயர்கூட வைத்திருப்பார். சுடுகிறவர்கள் துரத்திக்கொண்டிருக்கும்போது ஆர்தர் நின்று, விழுந்துகிடக்கும் குதிரையின் கழுத்தைத் தடவி நன்றி சொல்கிறான். குதிரையின் பெயர் என்ன என்று கேளுங்கள், போதும். வெறும் கேம்தானே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

யாரோ விளையாடுவதை யூடியூபில் பார்த்தால் இந்த அனுபவம் கிடைக்காதா?

கதை கிடைக்கும், அழுகைகூடக் கிடைக்கும். 'பிரதர்ஸ்' பற்றிச் சொன்ன அந்த இடதுபக்கப் பட்டன் கிடைக்காது. 2017இன் 'நியர்: ஆட்டோமேட்டா' கடைசியில் ஒன்று கேட்கிறது: உங்கள் சேவ் ஃபைல் முழுவதையும் அழித்தால், எங்கோ முகம் தெரியாத ஒருவர் கடைசிக் கட்டத்தைக் கடக்க அது உதவும், சம்மதமா என்று. பல பத்து மணி நேர உழைப்பு. சற்று முன்பு அப்படி அழித்தவர்கள் உதவியால்தான் நீங்களே கடந்திருப்பீர்கள். காணொளியில் இதைப் பார்க்கிறவர், யாரோ எதையோ அழிக்கிறார் என்றுதான் பார்ப்பார்.

கண்ணீரை வரவழைக்கவென்றே செய்த மலிவான விளையாட்டுகளும் இருக்கின்றன அல்லவா?

ஏராளம். நாய் வந்த உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பத்தாவது நிமிடத்தில் நாய், நாற்பதாவது நிமிடத்தில் பியானோ, ஐம்பதாவது நிமிடத்தில் நாய் இல்லை. என்னைத் தொட்டவை எல்லாம் முதலில் வேலை வாங்கின: தூக்கிச் சுமக்க, ஊட்ட, காத்திருக்க, வழிதவற. அந்த வேலை இல்லாமல் வரும் கண்ணீர் திரை அணைந்ததும் காய்ந்துவிடுகிறது.

இதுவரை ஒன்றும் விளையாடியதில்லை. எங்கே தொடங்கலாம்?

'ஜர்னி'. 2012இல் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சுடுவதற்கு ஒன்றுமில்லை, படிப்பதற்கும் ஒன்றுமில்லை. பாலைவனத்தில் தொலைவில் தெரியும் மலையை நோக்கி நடப்பீர்கள். வழியில் உங்களைப் போலவே ஒருவர் எதிர்ப்படலாம். அவர் எங்கோ தன் வீட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும் நிஜ மனிதர். பெயர் தெரியாது, பேசமுடியாது, ஒற்றை ஓசை எழுப்பிக் கூப்பிட மட்டும் முடியும். குளிர் ஏறும்போது ஒருவரை ஒருவர் ஒட்டி நடந்தால் இருவருக்கும் கொஞ்சம் தெம்பு வரும். நான் முதன்முறை விளையாடியபோது பனிப்புயலில் பின்தங்கிப்போனேன். முன்னால் போனவர் திரும்பி வந்து, நான் எழுந்து நடக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓடிய பிறகுதான் உடன் வந்தவரின் பெயரைத் திரை காட்டியது. ஏதோ எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு புனைபெயர். ஒரு தாளில் எழுதிவைத்தேன்.